இடம் உரைக்கும் கடிகாரம்

கழக்கூட்டம் என்றதும் 1990-இல் அங்கு எழுந்த டெக்னோபார்க்கே பலருக்கு நினைவில் வரும். அதை அடுத்த தும்பாக் கடற்கரையின் கதையோ இன்னும் பழையது. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ஆராய்ச்சி ராக்கெட் புறப்பட்டது. மீனவ மக்கள் விட்டுக்கொடுத்த மகதலேனா மரியாள் தேவாலயமே அந்நாளைய பணிக்கூடம். நம் இராமேசுவரத்து அப்துல் கலாமும் அங்கு உழைத்தவரே.

அக்கரையில் வளர்ந்த விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் ஆக்கிய பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகளே, 2013 முதல், ‘நாவிக்’ வழிகாட்டுக் கோள்களை ஏற்றிச் சென்றன. மொழி அறியாத ஊரில், வழி கேட்கவும் தயங்கி நிற்கும் நம்மவருக்குக் கைப்பேசி இடம் காட்டுகிறதே, எவ்வாறு? அது கோளிடம் எதையும் வினவுவதில்லை, செவிமடுக்கிறது, அவ்வளவே. நான்கு கோள்களேனும் அனுப்பும் நேரக் குறிப்புகள் வந்துசேரும் தாமதத்தைக் கொண்டு தன் இடத்தைக் கணக்கிடுகிறது. பெரும்பாலும் அது கேட்பது அமெரிக்கரின் ஜி.பி.எஸ். குரலை, நாவிக்கையும் கேட்கவல்ல கைப்பேசிகள் பின்னரே வந்தன. முறை இரண்டிற்கும் ஒன்றே. நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தொலைவில் ஏறத்தாழ 300 மீட்டர் பிசகும்.

ஆதலின் கோளின் உயிர் அதன் அணுக் கடிகாரத்தில் இருக்கிறது. முதற் கோளில் வைத்த அயல்நாட்டுக் கடிகாரங்கள் மூன்றும் பழுதுற்றன. மாற்றாக 2017 ஆகஸ்ட் 31-இல் ஏவிய கோளும், வெப்பக் கவசம் பிரியாமையால் வீணாயிற்று. 2023 மே 29-இல் விண்ணேறிய என்.வி.எஸ்.-01 கோளில்தான் நம் நாட்டிலேயே செய்த ருபீடியக் கடிகாரம் முதன்முதல் இடம்பெற்றது.