வெளியே முகலாயம், உள்ளே கிரேக்கம்: சீசின்கோட் மாளிகை

இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகை என்றதும் செங்கல் புகைபோக்கிகளும் கிரேக்கத் தூண்வரிசைகளுமே நம் நினைவில் எழும். குளோஸ்டர்ஷயரில், காட்ஸ்வோல்ட் குன்றுகளிடையே நிற்கும் சீசின்கோட் இவ்வெண்ணத்தைக் குலைக்கிறது. வெங்காய வடிவச் செப்புக் குவிமாடம், கூரை மூலைகளில் தூண்கள் தாங்கும் சிறு குடைமண்டபங்கள், சுவரைவிட்டு நீண்டு நிழல் வீழ்த்தும் கொடுங்கை, மயில்தோகையென விரிந்த சாளர வளைவுகள் என முகலாய இந்தியாவே அங்கு இடம்பெயர்ந்து நிற்பதாகத் தோன்றுகிறது.

1795இல் இந்நிலத்தை வாங்கியவர் கர்னல் ஜான் காக்கரல். 1798இல் அவர் மறைய, கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியில் வங்காளத்தில் பொருளீட்டிய தம்பி சார்லஸுக்கு அது வந்து சேர்ந்தது. மாளிகையை 1805ஐ ஒட்டி வடிவமைத்தவர் இன்னொரு சகோதரரான சாமுவேல் பெப்பிஸ் காக்கரல். கட்டடக் கலைஞரான அவர் இந்தியாவை நேரில் கண்டதேயில்லை.

அவருக்குக் கண்ணாக அமைந்தவர் ஓவியர் தாமஸ் டேனியல். 1786இல் சகோதரரின் மகன் வில்லியமுடன் கல்கத்தா வந்திறங்கிய டேனியல், வட இந்தியாவைச் சுற்றியபின், 1792இல் தென்னாட்டிலும் பயணம் செய்தார். இருவரும் 1795 முதல் 1808 வரை வெளியிட்ட 144 அச்சோவியங்களே இந்தியக் கட்டடங்களை ஆங்கிலேயர் கண்முன் நிறுத்தின. சீசின்கோட் தோட்டத்தில் சூரியனுக்கு ஒரு சிறு கோயிலும், நந்திகள் வீற்றிருக்கும் பாலமும் அவர் துணையோடு எழுந்தன. மதுரையைக் கண்டு வரைந்தவர் அவர். ஆயினும் மாளிகையில் கோபுரத்தின் சாயல் இல்லை. பேரரசர்களின் குவிமாடமே தெரிவு செய்யப்பட்டது.

உள்ளே நுழைந்தால் இந்தியா மறைந்துவிடுகிறது. அறைகள் யாவும் அக்கால ஆங்கிலச் செல்வர் விரும்பிய கிரேக்க, ரோமானியச் செந்நெறிப் பாணியில் அமைந்தவை. நம் நாட்டில் கடும் வெயிலையும் மழையையும் தடுக்கப் பிறந்தது கொடுங்கை. வெயிலே அரிதான நாட்டில் அது அணியாகிவிட்டது. தேவை இங்கேயே நின்றுவிட, வடிவம் மட்டும் கப்பலேறியிருக்கிறது.

1807இல் இளவரசர் ஜார்ஜ் இங்கு வந்து சென்றார். பின்னர் 1815 முதல் 1822 வரை ஜான் நாஷ் அவருக்காகப் பிரைட்டன் அரண்மனையைக் குவிமாடங்களால் உருமாற்றினார். ஆயினும் இப்பாணி இங்கிலாந்தில் வேரூன்றவில்லை.

சீசின்கோட்டை வெறும் விந்தை என்று நாம் கடந்துவிட இயலாது. இந்தியக் கலைமீது அதை எழுப்பியோர் கொண்ட வியப்பு மெய்யானதுதான். ஆனால் அவ்வியப்பைக் கல்லாக்கிய பணம் கம்பெனி ஆட்சியில் ஈட்டியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அம்மாளிகையின் வரலாறு முழுமையாகும்.