'கமிட்' பண்ணினது யார்?

என் முதல் வேலையில் தினமும் காலையில் ஸ்டாண்ட்-அப். மேனேஜர் முன்னால ஒவ்வொருத்தரா ஸ்டேட்டஸ் சொல்லணும். "கமிட் பண்ணினீங்களே, ஏன் முடியல?" அப்புறம் சனிக்கிழமையும் ஆபீஸ்தான். ஸ்க்ரம்னா இதுதான்னு நினைச்சேன்.

வரலாற்றைத் தோண்டினா கதையே வேற. 1986-ல் டகேயுச்சி, நொனாகா என்ற இரண்டு ஜப்பானியப் பேராசிரியர்கள் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் ஒரு கட்டுரை எழுதினாங்க. ஹோண்டா, கேனான் மாதிரி கம்பெனிகளில் புதுப் பொருள் உருவாக்கும் குழுக்கள், ரக்பி அணி மாதிரி பந்தைத் தங்களுக்குள்ளே மாத்திக்கிட்டு ஒண்ணா முன்னேறுதுன்னு சொன்னாங்க. 'ஸ்க்ரம்' அந்த ரக்பியிலிருந்து வந்த பேர். 1995-ல் ஜெஃப் சதர்லாண்டும் கென் ஷ்வேபரும் இதை மென்பொருளுக்கான முறையா முன்வைச்சாங்க.

இன்றைய ஸ்க்ரம் கையேட்டில் மூணே பொறுப்பு. எது முதல்ல வேணும்னு முடிவெடுப்பது ப்ராடக்ட் ஓனர். எவ்வளவு முடியும், எப்படிச் செய்றதுன்னு சொல்வது டெவலப்பர்கள். முறை சரியா நடக்க, தடைகள் விலக உதவுவது ஸ்க்ரம் மாஸ்டர். மேனேஜருக்குன்னு தனி இடமே கிடையாது. அந்த 15 நிமிஷ தினசரிக் கூட்டமும் டெவலப்பர்களுக்கானது.

இன்னொண்ணு. 2011-ல் கையேட்டைத் திருத்தினப்போ, ஸ்பிரிண்ட்டில் எடுக்கிற வேலைகளுக்கு 'கமிட்மென்ட்' என்ற சொல்லை எடுத்துட்டு 'ஃபோர்காஸ்ட்'னு போட்டாங்க. வானிலை அறிக்கை மாதிரி, கணிப்பு. 2020 பதிப்பில் கமிட்மென்ட் திரும்பி வந்துச்சு. ஆனா அது ஸ்பிரிண்ட்டின் இலக்குக்கு, ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் இல்லை.

நான் இதைப் படிச்சது அந்த வேலையை விட்ட பிறகுதான். நீங்க இப்பவே படிச்சிடுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.