சட்டியில் ஒட்டிய சொல்

வட சீனத்தில் ‘ஜியாவ்ஸி’ என்று மொட்டையாகச் சொன்னால், கொதிநீரில் போட்டு எடுத்த பூரணப் பண்டம் தட்டுக்கு வரும். அதே சொல் ஜப்பானில் ‘கியோஸா’. அங்கே அந்தப் பெயரைச் சொன்னால் அடிப்பக்கம் சிவக்கச் சுட்டது வரும். நீரில் வெந்தது வேண்டுமானால் ‘சுய்-கியோஸா’ என்று முன்னால் ‘தண்ணீர்’ சேர்த்துக் கேட்க வேண்டும்.

பண்டம் மிகப் பழையது. தாங் அரசர்கள் காலத்து மாவுப் பண்டங்கள், வடமேற்குச் சீனத்தின் துர்ஃபான் அருகே அஸ்தானா கல்லறைகளில் காய்ந்து கெட்டியாகிக் கிடைத்திருக்கின்றன. சோங் காலத்தில் (960–1279) இதை எழுதிய எழுத்துக்குக் கொம்பு, மூலை என்று பொருள். இரு முனையும் கூர்ந்து வளைந்த உருவத்துக்கு ஏற்ற பெயர்தான். உணவைக் குறிக்கும் உறுப்பைச் சேர்த்துத் தனி எழுத்து அமைந்தது பிற்பாடு. புத்தாண்டு இரவில் இதைச் சாப்பிடும் வழக்கத்துக்குச் சீனர்கள் வேறொரு விளக்கம் தருவார்கள்: பழைய ஆண்டும் புதியதும் ‘ஸி’ எனும் நள்ளிரவு வேளையில் சந்திப்பதால் ‘ஜியாவ்-ஸி’ என்று. அது ஒலி ஒற்றுமையில் பிறந்த விளக்கம்.

வாணலிக்குப் போனதும் பெயர் உருவத்தை விட்டுவிடுகிறது. ‘குவோ’ என்றால் சட்டி, ‘த்தியே’ என்றால் ஒட்டுதல்: குவோத்தியே. 1945-இல் புவெய் யாங் சாவ் என்ற மருத்துவர் அமெரிக்கர்களுக்காகச் சீனச் சமையல் நூல் எழுதினார். ஆங்கிலத்தின் ‘பாட்ஸ்டிக்கர்’ அந்த நூலிலிருந்தே பரவியது என்பார்கள். ஜப்பானுக்கு இந்தப் பண்டம் பெருவழக்காக வந்ததும் அதே ஆண்டு முடிந்த போருக்குப் பிறகுதான். வடகிழக்குச் சீனத்தின் மஞ்சூரியாவிலிருந்து திரும்பிய ஜப்பானியர்கள் கொண்டுவந்தார்கள். உத்சுனோமியா நகரம் இன்றும் அதற்குப் பேர்போனது. ‘கியோஸா’ என்ற உச்சரிப்பை, மஞ்சூரியாவில் பெருமளவு குடியேறிய ஷான்டோங் மக்களின் பேச்சோடு தொடர்புபடுத்துவார்கள்.

தமிழில் வாணலியில் சுட்டதைப் ‘பொரித்தது’ என்றால் எண்ணெயில் முக்கியெடுத்தது என்றாகிவிடும். சீனத்தில் அதற்கு ‘ஜா’ என்று தனிச்சொல் உண்டு. இது ‘ஜியென்’, தோசை சுடுவது போல.

வீட்டில் செய்யும்போது வேறுபாடு மாவிலேயே தொடங்குகிறது. நீரில் வேகவைப்பதற்குப் பச்சைத் தண்ணீரில் பிசைவார்கள், கொதியில் கிழியாதிருக்க. சுடுவதற்கு வெந்நீர். சூட்டில் மாவுச்சத்து கொஞ்சம் வெந்துவிடுவதால் தோல் மெத்தென்று வரும், மெல்லியதாகத் தேய்க்கலாம். முட்டைக்கோஸை உப்பிட்டுப் பிழிந்தே பூரணத்தில் சேர்க்க வேண்டும். நீர் விட்டால் தையல் பிரியும். எண்ணெய் தடவிய வாணலியில் அடுக்கி, அடி லேசாகச் சிவந்ததும், பண்டத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு நீர் ஊற்றி மூடிவிட வேண்டும். மேல்பாதி ஆவியில் வேகும். நீர் வற்றியதும் கொதிக்கும் சத்தம் போய்ச் சடசடப்புக் கேட்கும்; மூடியைத் திறந்து மொறுமொறுப்பாக விடுங்கள். நன்றாகச் சிவக்கும் முன் கரண்டியால் நெம்பினால் தோல் பிய்ந்துவிடும். சிவந்தபின் தானாகவே சட்டியை விடும்.

ஊற்றும் நீரில் கொஞ்சம் மாவு கரைத்தால், நீர் வற்றும்போது பண்டங்களுக்கு இடையே சல்லடை போல ஒரு மெல்லிய பொருக்குப் படியும். சீனர்கள் அதைப் ‘பனிப்பூ’ என்கிறார்கள்; ஜப்பானியர்கள் ‘இறகு’ என்கிறார்கள். பரிமாறும்போது வாணலியைத் தட்டில் கவிழ்ப்பது அதனால்தான்: பெயர் வாங்கித் தந்த அடிப்பக்கம் மேலே தெரிய வேண்டுமே.