இளையவர் கேட்கும் வினா

பண்டிகை நாளின் இரவு விருந்தில் குழந்தைகளை முதற்பந்தியில் உண்ணச் செய்து உறங்க அனுப்பிவிடுவது நம் இல்லங்கள் பலவற்றில் வழக்கம். பெரியவர்கள் பின்னர் ஓய்வாக அமர்ந்து பேசிக்கொண்டே உண்ணலாம் அல்லவா? யூத மக்களின் பாஸ்கா விருந்து இதற்கு நேர்மாறானது. அங்கே விருந்தின் முறைமைகளுள் பல, குழந்தை உறங்கிவிடக் கூடாது என்பதற்காகவே அமைந்தவை.

விடுதலைப் பயண நூலின் 12-ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்தால் இதன் வேர் புலப்படும். ஆட்டை எவ்வாறு நெருப்பில் வாட்டுவது, அதன் இரத்தத்தை எங்கே பூசுவது, எவ்வளவு விரைந்து உண்பது என்பவற்றோடு, இவ்வழிபாட்டின் பொருள் யாதெனப் பிள்ளைகள் வினவும் நாளும் அங்கேயே குறிக்கப்படுகிறது. மக்கள் இன்னும் எகிப்தை விட்டுப் புறப்படவில்லை. அதற்குள் பிறவாத தலைமுறையின் கேள்விக்கு விடை ஆயத்தமாகிவிட்டது!

விடையின் பாதி உணவிலேயே இருக்கிறது. மாவு புளிக்கவும் நேரமின்றிப் புறப்பட்டதை நினைவூட்டப் புளிப்பற்ற அப்பம்; அடிமை வாழ்வின் கசப்புக்குக் கசப்புக் கீரை; சிந்திய கண்ணீருக்கு உப்புநீர். பழமும் கொட்டைகளும் திராட்சை இரசமும் சேர்த்துப் பிசைந்த இனிப்பு ஒன்றும் உண்டு. பார்வோனுக்காகச் செங்கல் அறுத்த சேற்றை அது குறிக்கும். சேறு என்று சொல்லிக் கொடுக்கப்படும் அதைத்தான் குழந்தைகள் மறுபடியும் கேட்டு வாங்கி உண்பர் என்று நாம் எண்ணுகிறோம். மேலும், அப்பத்தில் ஒரு துண்டை ஒளித்து வைப்பர். விருந்தின் முடிவில் அதை உண்டாக வேண்டும். ஆகவே தேடிக் கண்டெடுத்த சிறுவன் பரிசு பெறாமல் அதைத் தரமாட்டான். 2-ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் ரபி அக்கிபா, கல்விக் கூடத்தை விட்டு எழ மனமில்லாதவர். அவரும் பாஸ்காவுக்கு முந்திய நாளில் விரைந்து வீடு திரும்புவாராம். குழந்தைகள் உறங்கிவிடாதபடி வறுத்த தானியமும் கொட்டைகளும் கொடுப்பார் என்றும் தால்முத் கூறுகிறது.

குழந்தையின் வினாவுக்கும் ஒரு வரலாறு உண்டு. கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னாவின் பழைய படிகளில், இந்த இரவில் வாட்டிய இறைச்சியை மட்டும் உண்பது ஏன் என்பதும் ஒரு கேள்வி. ஆனால் கி.பி. 70-இலேயே உரோமைப் படை எருசலேம் கோவிலை எரித்துவிட்டது. பலியில்லை, பாஸ்கா ஆடும் இல்லை. காலப்போக்கில் அக்கேள்வி மறைந்து, சாய்ந்து அமர்ந்து உண்பது ஏன் என்ற கேள்வி அதன் இடத்தைப் பெற்றது. ஆட்டிறைச்சி இருந்த தட்டில் இன்று வாட்டிய எலும்பு ஒன்று மட்டும் கிடக்கிறது. பலிபீடம் வீழ்ந்த பின்னர் அம்மக்களுக்கு எஞ்சியவை உணவு மேசையும், அதைச் சுற்றி அமர்ந்த பிள்ளைகளுமே. குழந்தை இல்லாத வீட்டில் மனைவி கேட்க வேண்டும். தனித்திருப்பவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அவ்விரவில் வாசிக்கும் நூல் அகதா எனப்படும். 14-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டில் வண்ணப்படங்களோடு எழுதப்பட்ட ஒரு பிரதி சரயேவோ அருங்காட்சியகத்தில் உள்ளது. 1492-இல் யூதர்கள் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டனர். நூலும் நாடு கடந்தது. 1942-இல் நாசிப் படையினர் தேடி வந்தபோது, தெர்விஷ் கோர்குட் என்ற இசுலாமிய அறிஞர் அதை மறைத்துக் காத்தார். இத்தனை விலைமதிப்புள்ள அந்நூலின் ஏடுகளில் திராட்சை இரசக் கறைகள் காணப்படுகின்றன. பேழையில் பூட்டி வைக்கப்படாமல், விருந்து மேசையில் கைமாறிப் புழங்கிய நூல் அது.

ஆண்டவரின் இறுதி இராவுணவில் இம்முறைகள் யாவும் இவ்வாறே நடந்தன என்று சொல்லிவிட இயலாது. இன்றுள்ள ஒழுங்கு கோவில் அழிந்த பின்னரே உருப்பெற்றது. அந்த மேலறையில் குழந்தை ஒன்று இருந்ததாகவும் நற்செய்தியாளர் எவரும் எழுதவில்லை. எனினும் யோவான் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில், மேசையைச் சூழ்ந்திருந்த வளர்ந்த ஆண்களை இயேசு பிள்ளைகளே என்று அழைக்கிறார். அவர்களும் அன்றிரவு கேள்வி மேல் கேள்வி கேட்டனர்.

அந்த இரவின் நினைவை வீட்டு உணவாகவே காத்து வருவோர் நமக்கு அண்மையிலும் உள்ளனர். கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்கள் பெரிய வியாழன் இரவில், அரிசி மாவும் உளுந்தும் சேர்த்துப் புளிக்க விடாமல் பெசகா அப்பம் செய்கின்றனர். குருத்தோலை ஞாயிறன்று பெற்ற ஓலையால் அதன்மீது சிலுவை இடுவர். செபம் முடிந்ததும் குடும்பத் தலைவர் அப்பத்தை வெட்டி, தேங்காய்ப் பாலும் வெல்லமும் சேர்த்த பாலோடு, மூத்தவர் தொடங்கி வயது வரிசையில் வழங்குவார். யூத இல்லத்தில் முதலில் பேசும் இளையவர், இங்கே கடைசியில் கைநீட்டுகிறார். அதுவரை காத்திருக்க வேண்டும். அவ்வாண்டில் சாவு நிகழ்ந்த வீட்டில் அப்பம் செய்வதில்லை. ஆயினும் அவ்வீட்டுச் சிறுவனுக்கும் அன்றிரவு பங்கு உண்டு. அதை அயல்வீட்டார் கொண்டுவந்து கொடுப்பர்.