கன்னடத் துப்பறியும் நாவல்

கன்னடத்தில் ‘பத்தேதாரி காதம்பரி’ என வழங்கும் துப்பறியும் நாவல், பழைய மைசூர் மாநிலத்தில் 1950களில் வெகுமக்கள் வாசிப்பாகப் பரவிய கதை வகை. கொலை, கொள்ளை, ஆள்கடத்தல் ஆகியவற்றில் ஒன்றை முதல் அத்தியாயத்திலேயே வைத்து, குற்றவாளி யார் என்பதைக் கடைசிப் பக்கங்கள்வரை மறைத்துக் கொண்டுபோவது இதன் பொது அமைப்பு. கன்னடத்தில் பெருந்திரளான மக்களை நாவல் படிக்கப் பழக்கியது இந்த வகைதான். இலக்கிய வரலாறுகள் அதற்குரிய இடத்தை நெடுங்காலம் தரவில்லை.

எட்கர் ஆலன் போ 1841இல் தொடங்கிவைத்த துப்பறியும் கதை, கானன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ் வழியே உலகெங்கும் பரவியது. இந்தியாவில் வங்காளம் முந்திக்கொண்டது. பிரியநாத் முகோபாத்யாய் என்ற காவல்துறை அதிகாரி 1892 முதல் தம் வழக்கு அனுபவங்களைக் கதைகளாக வெளியிட்டார். தமிழில் பண்டித நடேச சாஸ்திரி 1894இல் தானவன் என்ற போலீஸ் துப்பறிவாளனைப் படைத்தார். அவரைத் தொடர்ந்து ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் வந்தனர். கன்னடத்தில் துப்பறியும் நாவலுக்கு இப்படி ஒரு பெரும் வாசகர் கூட்டம் திரண்டது சுதந்திரத்துக்குப் பிறகே.

அந்த அலையை எழுப்பியவர்களில் முதலில் சொல்லவேண்டிய பெயர் ம. ராமமூர்த்தி (1918–1967). மைசூருக்குத் தெற்கே, கபிலை ஆற்றங்கரையிலுள்ள நஞ்சன்கூட்டில் பிறந்தவர். தந்தை ‘வீரகேசரி’ சீதாராம சாஸ்திரி பத்திரிகையாளர், நாவலாசிரியர். அச்சுக்கூடமும் செய்தித்தாளும் சூழ்ந்த வீட்டில் வளர்ந்த ராமமூர்த்தியும் பத்திரிகையாளர் ஆனார். துப்பறியும் நாவல்களை அடுக்கடுக்காக எழுதினார். கர்நாடகத்தில் இன்று தெருவுக்குத் தெரு பறக்கும் மஞ்சள்-சிவப்புக் கொடியை 1960களில் வடிவமைத்தவரும் அவரே. பெங்களூரில் கன்னடத்துக்கு உரிய இடம் கேட்டுக் ‘கன்னட பக்ஷ’ கட்சியைத் தொடங்கி ஊர் ஊராகப் பேசினார். அவர் முடிவு கொடுமையானது. 1967 டிசம்பர் 25 அன்று தம் நிலத்தில் கிணறு வெட்டும்போது மண் சரிந்து, இரு மகன்களுடன் உயிரிழந்தார். கொடியால் நிலைத்த பெயர், நாவல்களால் கிடைத்த பெயரை மறைத்துவிட்டது.

எண்ணிக்கையில் எவரும் நெருங்க முடியாதவர் என். நரசிம்மய்யா (1925–2011). நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டு, பல வேலைகள் பார்த்துப் பிழைத்தவர். 1952இல் ‘பத்தேதார புருஷோத்தம’ வெளிவந்தது. அதன் நாயகனான புருஷோத்தமன் வாசகர்களுக்கு வீட்டு மனிதனைப்போல ஆகிவிட்டான். நரசிம்மய்யா எழுதியவை 500 நாவல்களுக்கு மேல். அரை நூற்றாண்டுக்குப் பரப்பிப் பார்த்தாலும் ஆண்டுக்குப் பத்து வருகிறது. இந்த வேகத்தில் எழுதுகிறவருக்குத் திருத்தி எழுத நேரம் இராது. கதை நேராக ஓடவேண்டும், வாக்கியம் சிறிதாக இருக்கவேண்டும், அத்தியாயம் ஒவ்வொன்றும் ஒரு கேள்வியோடு நிற்கவேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கூட முடிக்காமல் கீழே வைக்காத நடை அப்படித்தான் அமைந்தது. மலிவு விலையில் அச்சான இந்தப் புத்தகங்கள், நாள் வாடகைக்கு விடும் நூலகங்களில் அட்டை கிழியும்வரை கைமாறின. தமிழ் வாசகருக்குத் தமிழ்வாணனின் சங்கர்லால் எப்படியோ, கன்னட வாசகருக்குப் புருஷோத்தமன் அப்படி.

டி. கே. ராமராவ் குற்றக்கதைக்குக் குடும்பச் சூழலையும் நிதானமான நடையையும் கொண்டுவந்தார். அவர் பெயரை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது, ராஜ்குமார் நடித்த ‘பங்காரத மனுஷ்ய’ (1972) படத்துக்கு மூலமான அதே பெயருடைய நாவல்; அது குற்றக்கதை அன்று. திரையிலும் துப்பறிதலுக்கு வரவேற்பு இருந்தது. 1968இல் வந்த ‘ஜேடர பலே’ படத்தில் ராஜ்குமார் சி.ஐ.டி. 999 ஆக நடித்தார். அதே காலத்தில் பெங்களூரில் வேறொரு துப்பறியும் மரபும் வேர்விட்டது. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த சுஜாதா, கணேஷ்-வசந்த் கதைகள் பலவற்றை அங்கிருந்துதான் தமிழுக்கு எழுதினார்.

மைசூர் நகரத்தின் இலக்கிய மதிப்பீடு பல்கலைக்கழகத்தைச் சுற்றி அமைந்தது. மகாராஜா கல்லூரியின் ஆசிரியர்களும் மாணவர்களும் காவியத்தையும் சமூக நாவலையும் பேசினர். பத்தேதாரி அந்தப் பேச்சில் நுழையவில்லை. அந்தக் கல்லூரியில் படித்தவரும், அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த குவெம்புவின் மகனுமான பூர்ணச்சந்திர தேஜஸ்வி (1938–2007) இந்தச் சுவரை உடைத்தது வரலாற்றில் முக்கியமான திருப்பம். நகரத்தை விட்டு மூடிகெரேயில் காப்பித் தோட்டம் வைத்த அவர், 1985இல் ‘சிதம்பர ரகஸ்ய’ நாவலை வெளியிட்டார். மலைநாட்டின் கெசரூரில் ஏலக்காய் விளைச்சல் ஏன் சரிகிறது, ஆராய்ச்சியாளர் ஜோகிஹாள் எப்படி இறந்தார் என்று விசாரிக்க உளவுத்துறை அதிகாரி அங்கடி வருகிறார். விசாரணை முன்னேற முன்னேற, சாதிப் பகையும் மதவெறியும் காடழிப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படுகின்றன. ஒரு மரணத்தை ஆராய வந்த கதை ஓர் ஊரின் அழிவை ஆராய்வதாக விரிகிறது. இந்நாவலுக்கு 1987ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அடுத்து வந்த ‘ஜுகாரி கிராஸ்’, ஏலக்காய் விற்கப் புறப்பட்ட ஓர் இளம் விவசாயத் தம்பதி ஒரே நாளுக்குள் கள்ளக்கடத்தல் கும்பலிடம் சிக்குவதைச் சொல்கிறது. கன்னடத்தின் மிகச் சிறந்த விறுவிறுப்பு நாவல் என்று அதைச் சொல்லலாம்.

1980களில் தெலுங்கு எழுத்தாளர் எண்டமூரி வீரேந்திரநாத்தின் ‘துளசிதளம்’ போன்றவை மொழிபெயர்ப்பில் வந்து, பழைய பத்தேதாரி வாசகர்களைத் தம் பக்கம் இழுத்தன. தொலைக்காட்சி பரவியபின் வாடகை நூலகங்கள் மெலிந்தன. இந்நூற்றாண்டில் வேளாண் விஞ்ஞானி கே. என். கணேசய்யா வரலாற்றுப் புதிர்களைத் துப்பறியும் கதைகளாக எழுதுகிறார். அவருடைய ‘கனக முசுகு’ ஹொய்சளர் கோயில் சிற்பங்களில் மக்காச்சோளக் கதிர்போல் தோன்றும் வடிவங்களை ஆதாரமாகக் கொண்டது. மைசூரை அடுத்த சோமநாதபுரத்தின் 13ஆம் நூற்றாண்டுக் கேசவர் கோயிலில் அவ்வடிவங்களை இன்றும் காணலாம். தம் நாவல்களில் அடிக்குறிப்புகளும் ஆதார நூல்களின் பெயர்களும் தருவது கணேசய்யாவின் வழக்கம்.