வேலூர் - ஆம்பூர் வட்டாரத்தில் உயர் கொலஸ்ட்ரால்

உயர் கொலஸ்ட்ரால் என்பது குருதியிலுள்ள கொலஸ்ட்ராலின் அளவு உடல்நலத்திற்கு ஏற்ற வரம்பைக் கடந்து காணப்படும் நிலையாகும். கொலஸ்ட்ராலுடன் ட்ரைகிளிசரைடு முதலிய பிற கொழுப்புகளின் அளவிலும் ஏற்படும் மாறுபாடுகள் அனைத்தும் சேர்ந்து குருதிக் கொழுப்புச் சீர்கேடு எனப்படும். இந்நிலை தானாக வலியையோ சோர்வையோ உண்டாக்குவதில்லை. பல ஆண்டுகள் அறியப்படாமல் இருந்து, தமனிகளின் உட்சுவரில் கொழுப்புப் படிவை ஏற்படுத்தி, மாரடைப்புக்கும் பக்கவாதத்திற்கும் வழிவகுக்கிறது.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களை உள்ளடக்கிய பகுதி தமிழ்நாட்டின் தோல் தொழில் வட்டாரமாக அறியப்படுகிறது. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பின்னர், இவ்வூர்கள் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களில் அமைந்துள்ளன. இங்குள்ள தொழில்முறை, உணவுப்பழக்கம், மருத்துவ வசதிகள் ஆகியவற்றோடு தொடர்புபடுத்தி உயர் கொலஸ்ட்ராலை இக்கட்டுரை விளக்குகிறது.

கொலஸ்ட்ராலின் பணிகள்

கொலஸ்ட்ரால் மெழுகு போன்ற ஒரு கொழுப்புப் பொருளாகும். உயிரணுச் சவ்வுகளின் அமைப்புக்கும், பித்த அமிலங்கள், பாலின இயக்குநீர்கள், உயிர்ச்சத்து டி ஆகியவற்றின் உற்பத்திக்கும் இது இன்றியமையாதது. உடலுக்குத் தேவையான கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியை உடலே உருவாக்கிக்கொள்கிறது. இதில் கல்லீரலின் பங்கு முதன்மையானது. உணவிலிருந்து கிடைப்பது சிறுபகுதியே. எனவே, இறைச்சி உண்ணாதவர்களுக்கும் கொலஸ்ட்ரால் உயரக்கூடும்.

கொழுப்பு நீரில் கரையாது. ஆதலால் அது புரதத்துடன் சேர்ந்த சிறு துகள்களாகக் குருதியில் எடுத்துச் செல்லப்படுகிறது. மருத்துவ அறிக்கைகளில் இடம்பெறும் முக்கிய அளவுகள் பின்வருவன:

* எல்.டி.எல். கொலஸ்ட்ரால்: கொலஸ்ட்ராலை உடலின் பல பகுதிகளுக்கும் எடுத்துச் செல்லும் துகள்களில் உள்ளது. மிகும்போது தமனிச் சுவரில் படிகிறது. பேச்சுவழக்கில் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படுகிறது.
* எச்.டி.எல். கொலஸ்ட்ரால்: உயிரணுக்களில் மிகுந்துள்ள கொலஸ்ட்ராலைக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டுவரும் துகள்களில் உள்ளது. நல்ல கொலஸ்ட்ரால் எனப்படுகிறது.
* ட்ரைகிளிசரைடு: உடலில் ஆற்றலைச் சேமித்து வைக்கும் கொழுப்பு. மிகுதியான மாவுச்சத்து, சர்க்கரை, மது ஆகியவற்றால் கூடுகிறது.

வரலாறு

பித்தப்பைக் கற்களில் இப்பொருள் முதலில் 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் கண்டறியப்பட்டது. 1913இல் உருசிய அறிவியலாளர் நிக்கொலாய் அனிச்கோவ், கொலஸ்ட்ரால் ஊட்டப்பட்ட முயல்களின் தமனிகளில் கொழுப்புப் படிவு உண்டாவதைக் காட்டினார். எல்.டி.எல். துகள்களைக் குருதியிலிருந்து உள்வாங்கும் ஏற்பிகளைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் ஆகியோருக்கு 1985இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. சப்பானிய அறிவியலாளர் அகிரா எண்டோ 1970களில் பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டேட்டினைப் பிரித்தெடுத்தார். 1987இல் லோவாஸ்டாட்டின் அமெரிக்காவில் விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது.

வேலூரில் 1900ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருந்தகம், பின்னர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. இக்கல்லூரியின் ஆய்வாளர்கள் வேலூர் நகரத்திலும் அருகிலுள்ள கிராமப்புற ஒன்றியம் ஒன்றிலும் 1991-1994, 2010-2012 ஆகிய இரு காலகட்டங்களில் இதயநோய்க் காரணிகளைக் கணக்கெடுத்தனர். இடைப்பட்ட காலத்தில் நீரிழிவும் உடற்பருமனும் வெகுவாகக் கூடியிருந்தன. இக்கூடுதல் நகரத்தோடு நிற்கவில்லை, கிராமப்புறத்திலும் காணப்பட்டது.

இந்தியர்களில் காணப்படும் தனித்தன்மை

மேலை நாடுகளில் எல்.டி.எல். உயர்வே முதன்மையான சிக்கலாகக் கருதப்பட்டு வந்துள்ளது. இந்தியர்களிடம் அதனுடன் வேறொரு அமைப்பும் பரவலாகக் காணப்படுகிறது. எச்.டி.எல். குறைவாகவும் ட்ரைகிளிசரைடு கூடுதலாகவும் இருக்கும், எல்.டி.எல். துகள்கள் சிறியனவாகவும் அடர்த்தியாகவும் இருக்கும். மொத்தக் கொலஸ்ட்ரால் மட்டும் வரம்புக்குள் இருக்கக்கூடும்.

தமிழ்நாடு, மகாராட்டிரம், சார்க்கண்ட், சண்டிகர் ஆகிய பகுதிகளை உள்ளடக்கி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்ற ஆய்வின் முடிவுகள் 2014இல் வெளியாயின. ஆய்வுக்குட்பட்டோரில் 13.9 விழுக்காட்டினருக்கே மொத்தக் கொலஸ்ட்ரால் உயர்ந்திருந்தது. ஆனால் 29.5 விழுக்காட்டினருக்கு ட்ரைகிளிசரைடு உயர்ந்தும், 72.3 விழுக்காட்டினருக்கு எச்.டி.எல். குறைந்தும் இருந்தன. ஏதேனும் ஓர் அளவில் மாறுபாடு உடையோர் 79 விழுக்காட்டினர் ஆவர்.

52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகள், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் ஏற்படுவதைக் காட்டின. பிற நாட்டினருக்கு இது ஏறத்தாழ 59 வயதாகும். இந்த ஆறாண்டு வேறுபாடு, குடும்பத்தின் வருமானம் ஈட்டுபவர் பணியில் இருக்கும் காலத்திலேயே நோயுறுவதைக் குறிக்கிறது.

காரணிகள்

தொழில்முறை

தோல் பதனிடும் ஆலைகளில் ஈரத்தோலைத் தூக்குதல், சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்தல், சதை நீக்குதல் போன்ற கடும் உடலுழைப்புப் பணிகள் உள்ளன. காலணி ஆலைகளின் நிலை வேறு. அங்கு மேற்பகுதித் தையல், வெட்டுதல், ஒட்டுதல் போன்ற பணிகளைச் செய்வோர் ஒரே இடத்தில் நீண்ட நேரம் அமர்ந்தோ நின்றோ வேலை செய்கின்றனர். இவர்களில் பெண்கள் பெருந்தொகையினர். நாள் முழுதும் உழைத்துக் களைப்படைந்தாலும், இதயத் துடிப்பை உயர்த்தும் உடற்பயிற்சியின் பயன் இவ்வுழைப்பால் கிடைப்பதில்லை. எனவே "வேலையே உடற்பயிற்சி" என்னும் கருத்து இவர்களுக்குப் பொருந்தாது.

உணவு

சீரகச் சம்பா அரிசியில் சமைக்கப்படும் ஆம்பூர் பிரியாணி இவ்வட்டாரத்தின் பெயர்பெற்ற உணவாகும். எண்ணெய்க் கத்தரிக்காயும் தயிர்ப் பச்சடியும் உடன் பரிமாறப்படுகின்றன. உயர் கொலஸ்ட்ராலுக்குப் பிரியாணி ஒன்றையே காரணமாகக் கூறுவது பொருந்தாது. எவ்வளவு, எத்தனை முறை, எவ்வகைக் கொழுப்பில் சமைக்கப்பட்டது என்பவையே கணக்கில் கொள்ளத்தக்கவை.

கொழுப்பு நீக்கப்படாத ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, நெய், வெண்ணெய், பாமாயில் ஆகியவற்றிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு எல்.டி.எல்.லை உயர்த்துகிறது. மூளை வறுவலிலும் ஈரலிலும் கொலஸ்ட்ரால் மிக அதிகம். பெரிய தட்டளவு வெள்ளைச் சோறு, இனிப்பு, சர்க்கரை மிகுந்த தேநீர் ஆகியவை ட்ரைகிளிசரைடை உயர்த்துகின்றன. வனசுபதியில் காணப்பட்ட மாறுபக்கக் கொழுப்பு எல்.டி.எல்.லை உயர்த்துவதோடு எச்.டி.எல்.லைக் குறைக்கவும் செய்வதாகும். எண்ணெய், கொழுப்பு வகைகளில் இதன் அளவு 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்னும் விதி இந்தியாவில் 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. எனினும் ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்துப் பொரிப்பது தவிர்க்கப்பட வேண்டியதே.

மரபு

சிலருக்கு எல்.டி.எல். துகள்களை நீக்கும் ஏற்பிகள் பிறவியிலேயே குறைபாட்டுடன் அமைகின்றன. பெற்றோருள் ஒருவரிடமிருந்து குறைபாடுள்ள மரபணுவைப் பெற்றவர்கள் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் என மதிப்பிடப்படுகின்றனர். இருவரிடமிருந்தும் பெறும் குழந்தைக்கு இளமையிலேயே மாரடைப்பு ஏற்படலாம். மாமன் மகள், அத்தை மகன் போன்ற நெருங்கிய உறவில் மணம் புரியும் வழக்கமுள்ள குடும்பங்களில் இவ்வாய்ப்பு கூடுகிறது. எல்.டி.எல். 190 மி.கி./டெ.லி. அல்லது அதற்கு மேல் உள்ளவர்களின் குழந்தைகளும் உடன்பிறந்தோரும் சோதனை செய்துகொள்வது நன்று.

பிற காரணிகள்

புகைபிடித்தல் எச்.டி.எல்.லைக் குறைத்துத் தமனிச் சுவரைச் சேதப்படுத்துகிறது. நீரிழிவு, தைராய்டு சுரப்புக் குறைவு, சிறுநீரக நோய் ஆகியவையும் கொழுப்பளவுகளை மாற்றுகின்றன. தெற்காசியர்களில் இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்னும் அளவை எட்டினால் வயிற்றுப் பருமனாகக் கொள்ளப்படுகிறது.

அறிகுறிகள்

பெரும்பாலோருக்கு அறிகுறி ஏதும் இராது. மரபுவழி வகையில் குதிகால் தசைநாண், முழங்கை, விரல் மூட்டுகள் ஆகியவற்றில் கொழுப்புக் கட்டிகள் தோன்றலாம். இளம் வயதில் கருவிழியைச் சுற்றி வெண்வளையம் காணப்படலாம். மற்றவர்களுக்குக் குருதிச் சோதனை ஒன்றே கண்டறியும் வழியாகும்.

கண்டறிதல்

மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டும் அளப்பது போதுமானதன்று. எச்.டி.எல்., எல்.டி.எல்., ட்ரைகிளிசரைடு ஆகிய அனைத்தும் அடங்கிய முழுக் கொழுப்புச் சோதனை தேவை. முதற்கட்டச் சோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை என இந்திய இதயவியல் கழகம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. ஆலைப் பணி நேரத்தால் காலையில் வர இயலாதவர்களுக்கு இது வசதியாகும். ட்ரைகிளிசரைடு மிக உயர்ந்திருந்தால் மட்டும் வெறும் வயிற்றில் மீண்டும் சோதிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒருவருக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 190, எச்.டி.எல். 32, ட்ரைகிளிசரைடு 240 மி.கி./டெ.லி. எனக் கொள்வோம். மொத்த அளவு 200க்குக் கீழ் இருப்பதால் அவர் நலமாக உள்ளார் எனக் கருதப்படலாம். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்தால் 158 கிடைக்கிறது. தமனியில் படியக்கூடிய துகள்கள் அனைத்திலும் உள்ள கொலஸ்ட்ராலை இவ்வெண் குறிக்கிறது. இது 130க்குக் கீழ் இருத்தல் நலம். ஆகவே இவருக்குக் குருதிக் கொழுப்புச் சீர்கேடு உள்ளது.

மேற்கூறிய வழிகாட்டியின்படி எல்.டி.எல். அளவுக்கான இலக்குகள் (மி.கி./டெ.லி.) பின்வருமாறு:

* இதயநோய் இடர் குறைந்தவர்கள்: 100க்குக் கீழ்
* நீரிழிவு, உயர் குருதியழுத்தம் போன்றவற்றால் இடர் கூடியவர்கள்: 70க்குக் கீழ்
* ஏற்கெனவே மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏற்பட்டவர்கள்: 55க்குக் கீழ்

ஆதலால் ஆய்வகச் சீட்டில் அச்சிடப்பட்டுள்ள ஒரே வரம்பு எல்லோருக்கும் பொருந்துவதில்லை.

கட்டுப்படுத்தும் முறைகள்

உணவும் பழக்கமும்

சோற்றின் அளவைக் குறைத்து, காய்கறி, கீரை, பருப்பு, சுண்டல் ஆகியவற்றைக் கூட்டுவது முதற்படியாகும். கேழ்வரகு, கம்பு ஆகியவற்றின் நார்ச்சத்து பயன் தரும். ஆயினும் அவற்றிலும் மாவுச்சத்து உண்டு என்பதால் அளவு தேவை. இறைச்சியின் வெண்ணிறக் கொழுப்பை நீக்கிச் சமைத்தல், மீனைச் சேர்த்தல், பொரித்த உணவைக் குறைத்தல் ஆகியன எளிய வழிகளாகும். வாரத்திற்கு 150 நிமிடங்களாவது விரைந்து நடப்பது எச்.டி.எல்., ட்ரைகிளிசரைடு ஆகிய இரண்டையும் சீராக்க உதவும். ஆலைப் பேருந்தில் செல்வோர் ஒரு நிறுத்தம் முன்பாக இறங்கி நடப்பதும் இக்கணக்கில் சேரும். புகைபிடித்தலை நிறுத்துவது இதயநோய் இடரைக் கணிசமாகக் குறைக்கிறது.

மருந்துகள்

ஸ்டேட்டின் வகை மருந்துகள் கல்லீரலில் கொலஸ்ட்ரால் உருவாவதைத் தடுக்கின்றன. அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன. உயர் அளவில் இவை எல்.டி.எல்.லைப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைக்கவல்லன. இலக்கை எட்டாதவர்களுக்கு எசெட்டிமைப் சேர்க்கப்படுகிறது. சிலருக்குத் தசைவலி ஏற்படலாம். அவ்வாறாயின் மருந்தைத் தாமே நிறுத்தாமல் மருத்துவரிடம் கூற வேண்டும். கருவுற்றிருப்போரும் கருவுறத் திட்டமிடுவோரும் பாலூட்டுவோரும் ஸ்டேட்டின் குறித்து மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவித்தல் அவசியம்.

சோதனையில் அளவு குறைந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவது பரவலான தவறாகும். அளவு குறைந்தது மருந்தின் விளைவே. நிறுத்திய சில வாரங்களில் எல்.டி.எல். பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மாரடைப்பு ஏற்பட்டவர்கள் நிறுத்துவது மேலும் தீங்கானது. ரமலான் நோன்பு நோற்போர் மருந்தைக் கைவிடத் தேவையில்லை. அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் ஆகியவற்றை நாளின் எந்நேரத்திலும் உட்கொள்ளலாம் என்பதால், நோன்பு திறந்த பின்னரோ சகர் உணவின்போதோ எடுத்துக்கொள்ள இயலும்.

மருத்துவ வசதிகளும் அரசுத் திட்டங்களும்

* தொழிலாளர் அரசுக் காப்புறுதி: 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற தொழிலாளருக்கும் குடும்பத்தினருக்கும் மருத்துவ உதவி அளிக்கிறது.
* வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி: அடுக்கம்பாறையில் 2005 முதல் இயங்குகிறது.
* மக்களைத் தேடி மருத்துவம்: தமிழக அரசு 2021 ஆகத்தில் தொடங்கியது. உயர் குருதியழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகளை வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் திட்டம்.
* இதயம் காப்போம் திட்டம்: 2023இல் தொடங்கப்பட்டது. மாரடைப்பு அறிகுறியுடன் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வருவோருக்கு ஆசுப்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகியவை அடங்கிய 14 மாத்திரைகளை உடனே கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதே இதன் நோக்கம்.

நெஞ்சில் அழுத்தம், இடக்கை அல்லது தாடையில் வலி, மிகுந்த வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் வாயுத் தொல்லை எனக் காத்திராமல் 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். பெண்களுக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கும் நெஞ்சுவலியின்றியே மாரடைப்பு வரக்கூடும்.

தவறான கருத்துகள்

* ஒல்லியானவர்களுக்குக் கொலஸ்ட்ரால் இராது: தவறு. உடல் எடை குறைந்தவர்களுக்கும் மரபாலோ வயிற்றுப் பருமனாலோ உயரக்கூடும்.
* தாவர எண்ணெயில் கொலஸ்ட்ரால் இல்லையாதலால் எவ்வளவும் சேர்க்கலாம்: தவறு. தாவர எண்ணெயில் கொலஸ்ட்ரால் இல்லை என்பது உண்மையே. ஆனால் பாமாயில், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி.
* பூண்டு, வெந்தயம் ஆகியவை மாத்திரைக்கு மாற்றாகும்: தவறு. உணவில் சேர்க்கலாம், மருந்தின் இடத்தை அவை நிரப்புவதில்லை.

இவற்றையும் பார்க்கவும்

* மாரடைப்பு
* நீரிழிவு நோய்
* உயர் குருதியழுத்தம்
* ஆம்பூர் பிரியாணி
* கிறித்தவ மருத்துவக் கல்லூரி, வேலூர்