பெயர் சூட்டல்: ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரம்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டி அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் அவற்றைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும், பிறந்த குழந்தைக்கான பெயர் நெடுங்காலம் பெருமாள் கோயிலிலிருந்தோ குலதெய்வத்திடமிருந்தோ தாத்தா பாட்டியிடமிருந்தோ பெறப்பட்டது. பொருளையும் ஒலியையும் எண்ணிப் பெற்றோரே பெயரைத் தேடித் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில் பரவிய வழக்கமாகும்.

எனினும் எந்தப் பெயரை இடுவது என்ற வாதம் இம்மண்ணில் மிகப் பழையது. பொதுவாக 8 அல்லது 9ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் பெரியாழ்வார், ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்துப் பூமாலை கட்டித் தொண்டு செய்தவர். அவர் பாடிய பெரியாழ்வார் திருமொழியின் நான்காம் பத்தில், பெயர் சூட்டலையே பொருளாகக் கொண்ட ஒரு முழுத் திருமொழி இடம்பெற்றுள்ளது. காசையும் துணியையும் எதிர்பார்த்துச் செல்வர்களின் பெயரைப் பிள்ளைக்கு இடும் பெற்றோரை அதில் அவர் கடிந்துகொண்டு, கேசவன், மாதவன், கோவிந்தன், நாரணன் போன்ற திருநாமங்களை இடுமாறு வற்புறுத்துகிறார். அப்படிப் பெயரிட்ட தாய்க்கு நரகம் இல்லை என்பது பாட்டுக்குப் பாட்டு திரும்ப வரும் உறுதிமொழி. நாள்தோறும் பலமுறை மகனைக் கூப்பிடும் வாய் அத்தனை முறையும் இறைவனைக் கூப்பிட்டதாகிவிடும் என்னும் நம்பிக்கை இதன் அடிப்படை. சமய உபதேசமாக மட்டும் இதைப் படிப்பது போதாது. உதவி வேண்டி வலியவர் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டும் பழக்கம் அக்காலத்தில் கண்டிக்கப்படும் அளவுக்கு இருந்தது என்பதற்கு இப்பாடல்கள் சான்றாவதால், தமிழர் பெயரியலின் வரலாற்றுக்கு இவை அரிய மூலமாகும்.

பெரியாழ்வார் துளசித் தோட்டத்தில் கண்டெடுத்து வளர்த்ததாகக் கூறப்படும் மகளுக்கு இட்ட பெயர் கோதை. அவளே ஆண்டாள் என்று போற்றப்பட்டாள். ஆண்டாள், கோதை, கோதைநாயகி, கோதையம்மாள் என்று அவள் பெயரும், ரெங்கமன்னார், ரெங்கநாயகி, ரெங்கசாமி என்று அவளை மணந்த அரங்கனின் பெயரும் சாதி வேறுபாடின்றி இவ்வட்டாரத்து வீடுகளில் வழங்கிவருகின்றன. அரங்கனை ‘ரெங்க’ என்று எழுதுவது தென்மாவட்ட வழக்கு. சைவக் குடும்பங்களில் மடவார்வளாகம் கோயிலின் வைத்தியநாதனும் சிவகாமியும், சதுரகிரியின் சுந்தரமகாலிங்கமும், அண்டையிலுள்ள சங்கரன்கோவிலின் கோமதியும் சங்கரநாராயணனும் பிள்ளைகளின் பெயர்களாயினர்.

பெருங்கோயில்களைக் காட்டிலும் குலதெய்வங்களே மிகுதியான பெயர்களைத் தந்தன எனலாம். ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரக் காட்டில், ஆற்றோரமாக நீர்காத்த அய்யனார் வீற்றிருக்கிறார். மக்கள் அந்த இடத்தை அய்யனார் கோவில் என்றே சொல்கின்றனர். ஊருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கமும் அப்பக்கத்தில்தான் உள்ளது. அய்யனார், அய்யாச்சாமி, அவருடைய தேவியரான பூரணம், புஷ்கலை, காவல் தெய்வங்களான கருப்பசாமி, மாடசாமி, இருளப்பன், பேச்சியம்மாள் ஆகிய பெயர்கள் இத்தகைய கோவில்களிலிருந்து வீட்டுக்கு வந்தவை. குழந்தையின் முதல் முடியைக் குலதெய்வத்தின் முன் இறக்குவதும், தாய்மாமன் மடியில் அமர்த்திக் காது குத்துவதும் இன்றும் தொடர்கின்றன; இரண்டு பெயர்களுக்கிடையே முடிவு எட்டாத வீட்டார், பூக்கட்டிப் பார்த்து, அதாவது பொட்டலங்களைச் சாமி முன் போட்டுக் குழந்தை ஒருவரைக் கொண்டு ஒன்றை எடுக்கச் சொல்லி, வந்த விடையைத் தெய்வத்தின் உத்தரவாக ஏற்பதுண்டு. பெயர் சூட்டும் நாள் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். பிள்ளையைத் தொட்டிலில் இட்டு, பெரியவர் ஒருவர் அதன் காதருகே குனிந்து பெயரை மூன்று முறை சொல்வதும், சர்க்கரைத் தண்ணீரை நாவில் தொட்டு வைப்பதும் பெரும்பாலும் பொதுவானவை.

மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயரை இடும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வந்தது. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாகாது என்ற கட்டுப்பாடும் உடன் இருந்ததால், தாய் தன் மகனை அவனுடைய சொந்தப் பெயரால் அழைக்க முடியாமல் ‘ராசா’ என்றோ ‘அய்யா’ என்றோ கூப்பிட்டாள்; வீட்டுப் பெயர் ஒன்றும் பதிவுப் பெயர் ஒன்றுமாக ஒருவருக்கு இரு பெயர் அமைய இது ஒரு காரணமாயிற்று. விருதுநகரில் 1903இல் பிறந்த காமராசருக்குக் குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று முதலில் பெயரிடப்பட்டதும், தாய் சிவகாமி அம்மையார் ‘ராஜா’ என்று செல்லமாக அழைத்ததும், அவ்விரண்டும் கூடிக் காமராஜ் ஆனதும் நன்கு அறியப்பட்ட செய்தி. தெய்வம் தந்த பாதியையும் தாய் தந்த பாதியையும் கொண்ட அப்பெயரைவிட இம்மரபை விளக்கும் சான்று வேறில்லை.

ராஜபாளையத்தின் தெலுங்கு பேசும் ராஜுக்களிடம் பெயரமைப்பு சற்று வேறானது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண அரசின் தலைவராயிருந்த பி. எஸ். குமாரசாமி ராஜாவின் பெயரில் முதலெழுத்து பூசபாட்டி என்ற வீட்டுப் பெயரையும், இரண்டாம் எழுத்து சஞ்சீவி என்ற தந்தை பெயரையும் குறிக்க, இட்ட பெயரை அடுத்துக் குலப்பட்டம் நிற்கிறது.

இம்மரபின் இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஒடுக்கப்பட்ட மக்கள் ‘சாமி’, ‘ராஜா’ போன்ற உயர்வுச் சொல் சேர்ந்த பெயரை வைத்துக்கொள்வதை ஆதிக்கச் சாதியினர் பொறுக்கவில்லை. வைத்தாலும் அதைச் சிதைத்தே அழைத்தனர். அடுத்தடுத்துக் குழந்தைகளை இழந்த பெற்றோர், கண்ணேறும் காலனும் அண்டாதிருக்கும் பொருட்டுக் குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி என்று பெயரிட்டதில் அச்சமும் பாசமும் கலந்திருந்தன. பெண்ணாகவே பிறந்த வரிசையை நிறுத்த வேண்டி இடப்பட்ட ‘போதும்பொண்ணு’ அத்தகையதன்று. பிறந்தவள் வேண்டாதவள் என்பதை அவள் வாழ்நாள் முழுதும் அவளையே சொல்லவைத்த கொடுமை அது.

இந்நிலையை உடைத்தவை 20ஆம் நூற்றாண்டின் இரு இயக்கங்கள். 1916 அளவில் வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலையடிகள் என மாற்றியவர் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் பெயரின் பொருளை எண்ணச் செய்தது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டத்தைத் துறக்கச் சொன்னது. செழியன், அன்பழகன், தமிழ்ச்செல்வி, கயல்விழி போன்ற பெயர்கள் சாதியையோ ஊரையோ காட்டாமல், பிள்ளை எப்படி வாழ வேண்டும் என்ற விருப்பத்தைக் காட்டின. யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் வைக்கலாம் என்ற உரிமை நடைமுறைக்கு வந்தது இவ்வாறே.

உரிமை வந்த பிறகு புதிய கட்டுப்பாடுகளை மக்கள் தாமே ஏற்றுக்கொண்டனர். 27 நட்சத்திரங்களின் நான்கு நான்கு பாதங்களுக்கும் முதலெழுத்துகளைப் பஞ்சாங்கம் வகுத்துள்ளது. அசுவினி முதற்பாதத்தில் பிறந்தால் ‘சு’ என்பது போல 108 எழுத்துகளுள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பெயர் தேடுகின்றனர். எண்கணிதமோ ஆங்கில எழுத்துகளுக்கு எண் கொடுத்துக் கூட்டுவது. அதனால் ஒலி மாறாமலே ஒரு எழுத்து கூடுதலாகச் செருகப்படுகிறது.

ஜப்பானியரிடமும் இதையொத்த கணக்கு உண்டு. அங்குக் காஞ்சி எனப்படும் சீன வழி எழுத்துகள் ஒவ்வொன்றும் தனிப்பொருள் உடையவை என்பதால், ‘ஹருதோ’ என்னும் ஒரே ஒலியுள்ள ஆண்பெயரைக் கதிரொளி, பறத்தல் என்ற பொருளுள்ள எழுத்துகளாலும் வேறு எழுத்துகளாலும் எழுதலாம்; எழுத்துகளின் கோடுகளை எண்ணி நற்பலன் பார்ப்போரும் உள்ளனர். அரசு அதற்கு எல்லை வகுத்துள்ளது. 1951இல் பெயர்களுக்கென 92 எழுத்துகள் தனியே சேர்க்கப்பட்டன; இன்று அவை 863. பொதுப்பயன்பாட்டு எழுத்துகள் 2,136உடன் இவற்றுள் மட்டுமே காஞ்சியைத் தேர்ந்து, பிறந்த 14 நாளுக்குள் பதிய வேண்டும். 1993இல் ஒரு தந்தை மகனுக்கு ‘பேய்’ என்னும் பொருளுடைய ‘அகுமா’வைத் தேர்ந்தபோது எழுந்த வழக்கு, பெற்றோரின் உரிமை எதுவரை என்ற கேள்வியை அந்நாடு முழுதும் எழுப்பியது.

இந்தியச் சட்டம் அத்தகைய எழுத்துப் பட்டியல் எதையும் வகுக்கவில்லை. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், 1969இன்படி பெயரின்றியே பிறப்பைப் பதிந்து, பின்னர் பெயரைச் சேர்க்கலாம். 12 மாதங்கள் வரை கட்டணமில்லை, அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். முடியிறக்கி, குலதெய்வத்தின் முன் பெயரை உறுதி செய்தபின் நகராட்சிக்குச் செல்லும் குடும்பங்களுக்கு இந்த அவகாசம் உதவுகிறது. சான்றிதழில் நவீனப் பெயர் ஒன்றும் கோவிலில் சொல்லப்பட்ட தாத்தாவின் பெயர் ஒன்றுமாக இரண்டையும் காப்போர் பலர். வளர்ந்தபின் தமக்கு இடப்பட்ட பெயரை ஏற்காதவர்கள், உரிய விண்ணப்பமும் கட்டணமும் செலுத்தித் தமிழ்நாடு அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டு மாற்றிக்கொள்கின்றனர்; ‘போதும்பொண்ணு’ என்று பெயரிடப்பட்டவளும் அவ்வழியே தான் விரும்பும் பெயரைப் பெறலாம்.